எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ்

சர் எட்வர்ட் கோலி பர்ன்-ஜோன்ஸ் (ஆகஸ்ட் 28, 1833 – ஜூன் 17, 1898) இங்கிலாந்தைச் சேர்ந்த ஓவியரும் வடிவமைப்பாளரும் ஆவார். நைட்டுகள் எனப்படும் இடைக்கால ஐரோப்பியக் குதிரை வீரர்களைப் பற்றிய கதைகளை, குறிப்பாக ஆர்தர் மன்னனையும் அவனுடைய வட்ட மேசை வீரர்களையும் பற்றிய தொன்மங்களை, 19ஆம் நூற்றாண்டின் காட்சிக் கலையில் மீண்டும் உயிர்பெறச் செய்தவர்களுள் இவர் முதன்மையானவர். எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம், வண்ணக் கண்ணாடிச் சாளரம், சித்திரத் திரைச்சீலை, நூல் விளக்கப்படம், நாடக மேடை வடிவமைப்பு எனப் பல துறைகளில் இவர் பணியாற்றினார். கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் இவருடைய வாழ்நாள் நண்பர்.

வீரர்களின் கதைகளையே வாழ்நாள் முழுவதும் வரைந்தபோதிலும், பர்ன்-ஜோன்ஸின் ஓவியங்களில் போர்க் காட்சிகள் மிகவும் அரிது. இவருடைய வீரர்கள் பெரும்பாலும் உறங்குகின்றனர், மண்டியிடுகின்றனர், மயக்கத்தில் கட்டுண்டு கிடக்கின்றனர் அல்லது தேடியதை அடையாமல் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். இதுவே இவரை இவர் காலத்து ஏனைய ஓவியர்களிடமிருந்து வேறுபடுத்துகிறது.

இளமைக்காலம்

எட்வர்ட் இங்கிலாந்தின் தொழில் நகரமான பர்மிங்காமில் பிறந்தார். தந்தை எட்வர்ட் ரிச்சர்ட் ஜோன்ஸ் படச் சட்டங்கள் செய்து விற்கும் சிறு தொழில் நடத்தியவர். தாய் எலிசபெத், குழந்தை பிறந்த ஒரு வாரத்துக்குள் இறந்துவிட்டார். துயரத்திலிருந்து மீளாத தந்தையும், ஆன் சாம்ப்சன் என்ற வீட்டுப் பணிப்பெண்ணும் குழந்தையை வளர்த்தனர். வீட்டில் படச் சட்டங்கள் இருந்தனவே தவிர, நல்ல ஓவியங்களோ நூல்களோ மிகுதியாக இல்லை.

1844 முதல் பர்மிங்காமின் ஆறாம் எட்வர்ட் மன்னர் பள்ளியில் பயின்றார். பள்ளிக் காலத்திலேயே பர்மிங்காம் கலைப் பள்ளியின் மாலை வகுப்புகளுக்கும் சென்றார். ஆயினும் ஓவியராக வேண்டும் என்ற எண்ணம் அப்போது அவருக்கு இருக்கவில்லை. சமயக் குருவாக வேண்டும் என்பதே அவருடைய விருப்பமாக இருந்தது. அதற்காக இறையியல் படிக்க 1853ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் எக்சிட்டர் கல்லூரியில் சேர்ந்தார். (ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர் இதே பள்ளியிலும் இதே கல்லூரியிலும் பயின்ற மற்றொருவர், இடைக்காலத் தொன்மங்களிலிருந்து புதிய புனைவுலகைப் படைத்த ஜே. ஆர். ஆர். டோல்கீன் ஆவார்.)

வில்லியம் மோரிசுடன் நட்பு

எக்சிட்டர் கல்லூரியில் சேர்ந்த முதல் நாட்களிலேயே எட்வர்ட் அங்கு பயின்ற வில்லியம் மோரிசைச் சந்தித்தார். செல்வக் குடும்பத்தில் பிறந்த மோரிசும் சமயப் பணிக்குச் செல்லும் எண்ணத்துடனேயே வந்திருந்தார். இருவரும் இடைக்கால வரலாற்று நூல்கள், டென்னிசனின் கவிதைகள், ஜான் ரஸ்கினின் கலைக் கட்டுரைகள் ஆகியவற்றைச் சேர்ந்து வாசித்தனர். பர்மிங்காமிலிருந்து வந்த வேறு சில மாணவர்களும் இவர்களுடன் இணைய, ஒரு சிறு குழு உருவாயிற்று. துறவியரைப் போலச் சேர்ந்து வாழ்ந்து நகர்ப்புற ஏழைகளிடையே பணி செய்யும் ஓர் அமைப்பை நிறுவுவது பற்றி எட்வர்ட் தீவிரமாகச் சிந்தித்தார். புனிதக் கிண்ணத்தைத் தேடிச் சென்ற தூய வீரனான காலகாட், இந்த எண்ணத்துக்கு முன்மாதிரியாக அமைந்தான்.

1855 கோடையில் நண்பர்கள் வட பிரான்சில் பயணம் செய்து அமியான், போவே, சார்த்ர், ருவான் ஆகிய நகரங்களின் பேராலயங்களைக் கண்டனர். பயணத்தின் முடிவில் ல ஆவ்ர் துறைமுகத்தில் உலாவியபோது, இருவரும் சமயப் பணியைக் கைவிட்டுக் கலைக்கு வாழ்வை ஒப்படைப்பதென முடிவு செய்தனர். மோரிஸ் கட்டடக் கலைஞராவது என்றும், எட்வர்ட் ஓவியராவது என்றும் தீர்மானித்தனர். அப்போது எட்வர்டுக்கு வயது 21. முறையான ஓவியப் பயிற்சி அவருக்கு ஏறக்குறைய இல்லை என்றே கூறலாம்.

மாலரியின் நூல்

அதே ஆண்டு ஊர் திரும்பிய எட்வர்ட், பர்மிங்காமின் நியூ தெருவில் இருந்த ஒரு புத்தகக் கடையில் சர் தாமஸ் மாலரி எழுதிய ஆர்தரின் மரணம் (ல மோர்ட் டார்தர்) என்ற நூலைக் கண்டார். மாலரி 15ஆம் நூற்றாண்டில் சிறையில் இருந்தபோது, பிரெஞ்சு, ஆங்கில மூலங்களிலிருந்து ஆர்தர் கதைகளைத் தொகுத்து ஆங்கில உரைநடையில் எழுதிய நூல் இது. வில்லியம் காக்ஸ்டன் இதனை 1485இல் அச்சிட்டார். 1634க்குப் பிறகு 1816 வரை இந்நூலுக்குப் புதிய பதிப்பே வெளிவரவில்லை. எட்வர்ட் கண்டது கவிஞர் இராபர்ட் சதே முன்னுரை எழுதிய 1817ஆம் ஆண்டுப் பதிப்பாகும்.

நூலின் விலை எட்வர்டின் சக்திக்கு அப்பாற்பட்டதாக இருந்தது. எனவே அவர் நாள்தோறும் கடைக்குச் சென்று நின்றபடியே சில பக்கங்களைப் படித்துவந்தார். கடைக்காரர் மனம் கோணாதிருக்க இடையிடையே மலிவான நூல்களை வாங்கினார். பர்மிங்காமுக்கு வந்த மோரிஸ் இதனை அறிந்து நூலை உடனே வாங்கிவிட்டார். அதன் பிறகு நண்பர்கள் இருவருக்கும் அது வேதநூலுக்கு நிகரானதாயிற்று. பிறரிடம் அதைப் பற்றிப் பேசவும் அவர்கள் தயங்கினர். சில மாதங்களுக்குப் பின் ஓவியர் டான்டே கேப்ரியல் ரோசெட்டி அந்நூலை வெளிப்படையாகப் புகழ்ந்து பேசக் கேட்ட பின்னரே அவர்களுடைய தயக்கம் நீங்கியது.

அடுத்த 43 ஆண்டுகளில் எட்வர்ட் வரைந்த பல முதன்மையான படைப்புகள் இந்த ஒரு நூலிலிருந்து பிறந்தவை. அவர் இறக்கும்போது முடிக்காமல் விட்டுச் சென்ற ஓவியமும் இந்நூலின் கடைசிப் பகுதியைச் சார்ந்ததே.

ரோசெட்டியும் ஆக்ஸ்போர்டு சுவரோவியங்களும்

ஜனவரி 1856இல் எட்வர்ட் இலண்டனில் ரோசெட்டியைச் சந்தித்தார். ராபேலுக்கு முந்தைய இத்தாலிய ஓவியத்தின் தெளிவுக்கும் நேர்மைக்கும் திரும்ப வேண்டும் என்ற கொள்கையுடன் 1848இல் தொடங்கப்பட்ட முன்-ராபேலியக் குழுவின் நிறுவனர்களுள் ரோசெட்டி ஒருவர். அவருடைய ஊக்கத்தால் எட்வர்ட் அதே ஆண்டில் பட்டம் பெறாமலேயே ஆக்ஸ்போர்டை விட்டு வெளியேறினார். மோரிசுடன் சேர்ந்து இலண்டனின் ரெட் லயன் சதுக்கத்தில் குடியேறினார். தாங்களே வடிவமைத்த கனத்த மர இருக்கைகளிலும் அலமாரிகளிலும் இடைக்காலக் கதைக் காட்சிகளை நண்பர்கள் வரைந்தனர். சாசரின் கதை ஒன்றை எட்வர்ட் வரைந்த பெரிய அலமாரி, ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

1857இல் ஆக்ஸ்போர்டு மாணவர் சங்கத்தின் புதிய விவாத மண்டபச் சுவர்களில் மாலரியின் நூலிலிருந்து காட்சிகளை வரையும் பணியை ரோசெட்டி ஏற்றார். எட்வர்ட், மோரிஸ், ஆர்தர் ஹியூஸ், வால் பிரின்செப் உள்ளிட்ட இளைஞர்கள் ஊதியமின்றி இதில் பங்கேற்றனர். நீர்த்தேவதையால் மந்திரவாதி மெர்லின் பாறையின் கீழ் அடைக்கப்படும் காட்சி எட்வர்டுக்குக் கிடைத்தது. சுவரோவியத்துக்குத் தேவையான அடித்தளப் பூச்சு எதுவும் இல்லாமல், வெள்ளையடித்த ஈரச் செங்கற்சுவரின் மீது நேரடியாக வரைந்தமையால் சில ஆண்டுகளிலேயே வண்ணங்கள் மங்கிப்போயின. தொழில்நுட்ப நோக்கில் இம்முயற்சி தோல்வியே. எனினும் மெர்லினின் வீழ்ச்சி என்ற கருப்பொருள் எட்வர்டை விட்டு நீங்கவில்லை.

திருமணமும் மோரிஸ் நிறுவனமும்

எட்வர்ட் ஜூன் 9, 1860 அன்று ஜார்ஜியானா மெக்டொனால்டை மணந்தார். ஜார்ஜியானாவின் சகோதரிகளுள் ஒருவரான ஆலிஸ், எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் தாய். மற்றொருவரான லூயிசா, பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான ஸ்டான்லி பால்ட்வினின் தாய். எட்வர்ட்-ஜார்ஜியானா இணையருக்கு 1861இல் பிலிப் என்ற மகனும், 1866இல் மார்கரெட் என்ற மகளும் பிறந்தனர். இடையில் 1864இல், ஜார்ஜியானா கடும் காய்ச்சலால் பாதிக்கப்பட்டிருந்தபோது பிறந்த இன்னொரு மகன் சில வாரங்களே உயிர் வாழ்ந்தான். மோரிசின் சிவப்பு இல்லத்தை விரிவாக்கி இரு குடும்பங்களும் சேர்ந்து வாழ வேண்டும் என்ற திட்டம் இத்துயரத்தால் கைவிடப்பட்டது.

1861இல் மோரிஸ் தொடங்கிய அலங்காரக் கலை நிறுவனத்தில் எட்வர்ட் பங்குதாரரானார். நிறுவனத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களுக்குப் பல நூறு வடிவங்களை இவர் வரைந்தார். ஹார்டன் கிரேஞ்ச் என்ற மாளிகைக்காக 1862இல் வடிவமைக்கப்பட்ட 13 சாளரங்கள், டிரிஸ்ட்ரம் என்ற வீரனுக்கும் இசூல்ட் என்ற அரசிக்கும் இடையிலான துன்பியல் காதலைக் கூறுகின்றன. ரோசெட்டி, மோரிஸ், மடாக்ஸ் பிரவுன் முதலியோரும் பங்கேற்ற இத்தொகுதி, பிராட்போர்டு நகர அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் உள்ளது. ஓவியர் பர்கெட் பாஸ்டரின் வீட்டுக்காகப் புனித ஜார்ஜ் பறவைநாகத்தைக் கொன்ற கதையை 1865 தொடங்கி ஏழு ஓவியங்களாக வரைந்தார்.

இரக்கமுள்ள வீரன்

எட்வர்டுக்கு வீரமரபு குறித்து இருந்த எண்ணத்தை 1863இல் வரைந்த இரக்கமுள்ள வீரன் என்ற நீர்வண்ண ஓவியம் தெளிவாகக் காட்டுகிறது. புளோரன்சைச் சேர்ந்த ஜான் குவால்பர்ட் என்ற 11ஆம் நூற்றாண்டு வீரனின் கதை இது. தன் உறவினனைக் கொன்றவனைப் பழிவாங்கத் திரிந்த அவன், புனித வெள்ளியன்று அவனை ஆயுதமின்றிச் சந்திக்கிறான். பகைவன் கைகளைச் சிலுவை வடிவில் விரித்து உயிருக்கு மன்றாட, வீரன் மன்னித்துவிடுகிறான். பின்னர் வழியோரக் கோவிலில் மண்டியிட்ட வீரனை நோக்கி மரத்தாலான இயேசுவின் சிலை குனிந்து அணைத்துக்கொள்கிறது. ஓவியத்தில் வாள் பயனற்றுக் கிடக்க, கவசம் அணிந்த வீரன் குழந்தையைப் போல மண்டியிட்டிருக்கிறான்.

வீரமரபு பற்றிக் கெனெல்ம் டிக்பி எழுதிய நூல் ஒன்றிலிருந்து எட்வர்ட் இக்கதையை எடுத்தார். அந்நூலை அவர் வாழ்நாள் முழுவதும் படுக்கையருகே வைத்திருந்தார். 1864இல் நீர்வண்ண ஓவியர் கழகத்தின் கண்காட்சியில் இவ்வோவியம் இடம்பெற்றபோது பார்வையாளர்களும் விமர்சகர்களும் ஏளனம் செய்தனர். தற்போது இது பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அக்காலத்தில் ஆர்தர் கதைகள் பொதுவாக நல்லொழுக்கப் பாடங்களாகவே காட்டப்பட்டன என்பது இங்கு கருதத்தக்கது. வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் அரசியின் உடையணி மண்டபத்துக்கு வில்லியம் டைஸ் என்ற ஓவியர் வரைந்த ஐந்து சுவரோவியங்கள் சமயம், பெருந்தன்மை, மரியாதை, இரக்கம், விருந்தோம்பல் என்று பெயரிடப்பட்டவை. அரசுக்கும் படைக்கும் வேண்டிய பண்புகளின் பட்டியல் போன்றவை அவை. எட்வர்டின் ஓவியங்கள் எந்தப் பாடத்தையும் புகட்டுவதில்லை.

விலகியிருந்த ஆண்டுகள்

1860களின் பிற்பகுதியில் எட்வர்டுக்கும், கிரேக்க வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த மரியா சம்பாக்கோ என்ற பெண்ணுக்கும் இடையே காதல் ஏற்பட்டது. மரியா பின்னாளில் சிற்பியாக அறியப்பட்டவர். 1869இல் இவ்வுறவு பெரும் மன உளைச்சலுடன் வெளியே தெரியவந்தது. ஜார்ஜியானா கணவரை விட்டுப் பிரியவில்லை. ஆயினும் அந்தக் காயம் குடும்பத்தில் நீண்ட காலம் ஆறவில்லை.

1870இல் கிரேக்கக் கதை ஒன்றை வைத்து எட்வர்ட் வரைந்த ஓவியத்தில் ஆண் உருவம் ஆடையின்றி இருந்ததாகப் புகார் எழுந்தது. ஓவியத்தைக் கண்காட்சியிலிருந்து அகற்ற நேர்ந்ததால் எட்வர்ட் நீர்வண்ண ஓவியர் கழகத்திலிருந்து விலகினார். அடுத்த ஏழு ஆண்டுகள் இவர் பொதுக் கண்காட்சிகளில் ஏறக்குறைய கலந்துகொள்ளவே இல்லை. இலண்டனின் புல்ஹாம் பகுதியில் இருந்த கிரேஞ்ச் என்ற வீட்டில், தம்மை ஆதரித்த சில செல்வந்தர்களுக்காக மட்டும் ஓவியம் தீட்டினார். இந்தக் காலத்தில் இருமுறை இத்தாலி சென்று பொட்டிச்செல்லி, மாண்டேக்னா, மைக்கலாஞ்சலோ ஆகியோரின் படைப்புகளைக் கற்றார். ரோசெட்டியின் பாணியிலிருந்து விடுபட்டு, நீண்டு மெலிந்த உருவங்களையும் அமைதியான முகங்களையும் கொண்ட தனிப் பாணி உருவானது இந்த ஆண்டுகளிலேயே ஆகும்.

மெர்லினின் மயக்கம்

1877 மே மாதத்தில் இலண்டனில் சர் கூட்ஸ் லிண்ட்சே என்பவர் குரோவ்னர் காட்சியகத்தைத் திறந்தார். அதன் முதல் கண்காட்சியில் எட்வர்டின் எட்டுப் படைப்புகள் இடம்பெற்றன. அதுவரை சிலரே அறிந்திருந்த ஓவியர் ஒரே நாளில் புகழ்பெற்றவரானார்.

இவற்றுள் முதன்மையானது லிவர்பூல் கப்பல் உரிமையாளர் பிரடெரிக் லேலண்டுக்காக வரையப்பட்ட மெர்லினின் மயக்கம் என்ற ஓவியமாகும். மெர்லின் நிமுவே என்ற இளம்பெண்ணை விரும்பித் தன் மந்திரங்களையெல்லாம் அவளுக்குக் கற்பிக்கிறான். அவள் அம்மந்திரத்தைக் கொண்டே அவனைப் பூத்துக் குலுங்கும் முள்மரத்தினடியில் கட்டிவிடுகிறாள். ஓவியத்தில் நிமுவே மந்திர நூலைத் திறந்து பிடித்தபடி திரும்பிப் பார்க்கிறாள். அறிவனைத்தும் கைநழுவிய மெர்லின் செயலற்றுக் கிடக்கிறான். நிமுவேயின் முகம் மரியா சம்பாக்கோவினுடையது. இதனை எட்வர்டே பின்னாளில் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் ஆக்ஸ்போர்டில் நூலிலிருந்து எடுத்து வரைந்த அதே கதை, இம்முறை சொந்த வாழ்வின் சாயலுடன் வரையப்பட்டது. இவ்வோவியம் இப்போது போர்ட் சன்லைட் நகரிலுள்ள லேடி லீவர் கலைக்கூடத்தில் உள்ளது.

வீரர்களைக் காட்டிய விதம்

எட்வர்டின் வீரர் ஓவியங்களில் சில பொதுப் பண்புகளைக் காணலாம்.

முதலாவதாக, இவர் வரைந்த கவசங்கள் எந்தக் குறிப்பிட்ட காலத்தையும் சேர்ந்தவை அல்ல. வரலாற்றுத் துல்லியத்தை இவர் திட்டமிட்டே தவிர்த்தார். உலோக வேலைப்பாட்டுக் கலைஞர் டபிள்யூ. ஏ. எஸ். பென்சன் இவருடைய வடிவங்களின்படி மாதிரிக் கவசங்களையும் மகுடங்களையும் செய்து கொடுத்தார். ஆர்தர் பால்போருக்காக 1875இல் ஏற்றுக்கொண்ட பெர்சியஸ் தொடரில், கிரேக்கப் புராண நாயகனே இத்தகைய கற்பனைக் கவசத்துடன் இடைக்கால வீரனைப் போலத் தோன்றுகிறான். அத்தொடர் முற்றுப்பெறவில்லை.

இரண்டாவதாக, செயலுக்கு முந்தைய அல்லது பிந்தைய கணத்தையே இவர் தேர்ந்தெடுத்தார். 1884இல் காட்சிக்கு வைத்த கோஃபெட்டுவா மன்னனும் இரவலர் பெண்ணும் என்ற ஓவியத்தில், ஏழைப் பெண்ணை விரும்பிய மன்னன் மகுடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய காலடிக்குக் கீழே அமர்ந்து மேல்நோக்கிப் பார்க்கிறான். இருவரும் பேசவில்லை. 1889இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் இவ்வோவியம் பெரும் வரவேற்பைப் பெற்றது. எட்வர்டுக்குப் பிரான்சின் லீஜியன் ஆப் ஆனர் விருதையும் பெற்றுத் தந்தது.

மூன்றாவதாக, உறக்கம் மீண்டும் மீண்டும் வருகிறது. 1890இல் முடித்த முட்ரோஜா என்ற நான்கு ஓவியங்களைக் கொண்ட தொடர், உறங்கும் இளவரசியின் கதையாகும். கதையில் இளவரசன் முத்தமிட்டு அவளை எழுப்புவான். எட்வர்டோ எழுப்பும் காட்சியை வரையவே இல்லை. முதல் ஓவியத்தில் இளவரசன் முட்புதரின் வாயிலில் நிற்கிறான். அவனுக்கு முன் வந்து தோற்ற வீரர்கள் முட்கொடிகளுக்கிடையே கவசத்துடன் உறங்குகின்றனர். கடைசி ஓவியத்திலும் இளவரசி உறங்கிக்கொண்டே இருக்கிறாள். இத்தொடரை அக்னியூ என்ற கலை வணிக நிறுவனம் 15,000 பவுண்டுக்கு வாங்கியது. பின்னர் இது பஸ்கட் பார்க் மாளிகையின் வரவேற்பறையில் நிலையாகப் பொருத்தப்பட்டது.

புனிதக் கிண்ணத் திரைச்சீலைகள்

இயேசு கடைசி இராவுணவின்போது பயன்படுத்தியதாகக் கூறப்படும் கிண்ணத்தை வட்ட மேசை வீரர்கள் தேடிச் சென்ற கதை, ஆர்தர் தொன்மங்களின் உச்சமாகக் கருதப்படுகிறது. ஸ்டான்மோர் மாளிகையின் உணவு மண்டபத்துக்காக இக்கதையைத் திரைச்சீலைகளாக நெய்து தருமாறு வில்லியம் நாக்ஸ் டார்சி என்ற செல்வந்தர் 1890இல் மோரிஸ் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார். ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கத்தில் பொருளீட்டிய டார்சி, பின்னாளில் ஈரானில் எண்ணெய் எடுக்கும் உரிமத்தை 1901இல் பெற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

மனித உருவங்களையும் காட்சியமைப்பையும் எட்வர்ட் வரைந்தார். அவருடைய சிறிய வரைபடங்கள் ஒளிப்படம் மூலம் பெரிதாக்கப்பட்டன. பூக்களையும் செடிகளையும் ஜே. எச். டியர்ல் சேர்த்தார். மெர்ட்டன் அபே பட்டறையின் தறிகளில் நெசவாளர்கள் அவற்றை நெய்தனர். கதையைக் கூறும் ஆறு பெரும் திரைகளில் இரண்டு தோல்வியைப் பற்றியவை. கவெய்னும் யுவெய்னும் உலகப் பற்றினால் கோவில் வாயிலில் தடுக்கப்படுகின்றனர். வீரர்களுள் சிறந்தவனான லான்சலாட், அரசி கினிவியர் மீது கொண்ட காதலின் காரணமாக, கோவிலின் வெளியே உறங்கிவிடுகிறான். கடைசித் திரையில் காலகாட் மட்டுமே கிண்ணத்தின் அருகில் மண்டியிடுகிறான். போர்ஸ், பெர்சிவல் இருவரும் தொலைவில் நின்று காண்கின்றனர். லான்சலாட்டின் உறக்கத்தை எட்வர்ட் 1896இல் தனி எண்ணெய் வண்ண ஓவியமாகவும் வரைந்தார். அது சவுத்தாம்ப்டன் நகரக் கலைக்கூடத்தில் உள்ளது.

மோரிசுடன் வேறுபாடும் சாசர் நூலும்

1883இல் மோரிஸ் சமவுடைமை இயக்கத்தில் இணைந்தார். தெருக்கூட்டங்களில் பேசுவதும் துண்டு வெளியீடுகள் எழுதுவதுமாக அவருடைய வாழ்க்கை மாறியது. இளமையில் இருவரும் கண்ட கனவை மோரிஸ் எதிர்காலச் சமுதாயத்தில் தேடினார். எட்வர்டோ அது ஓவியத்தில் மட்டுமே கிட்டும் என நம்பினார். நண்பரின் அரசியலை அவரால் பின்பற்ற இயலவில்லை. 1894இல் பிரதமர் கிளாட்ஸ்டனின் பரிந்துரையால் வழங்கப்பட்ட பாரனெட் பட்டத்தை எட்வர்ட் ஏற்றுக்கொண்டது மோரிசுக்கும் ஜார்ஜியானாவுக்கும் உவப்பாக இல்லை. பர்ன்-ஜோன்ஸ் என்று இணைத்து எழுதும் குடும்பப் பெயர் அவ்வாண்டில்தான் முறைப்படி ஏற்கப்பட்டது.

ஆயினும் நட்பு முறியவில்லை. ஞாயிறு காலைகளில் மோரிஸ் கிரேஞ்ச் இல்லத்துக்கு வந்து உணவருந்துவதும், பின்னர் இருவரும் சேர்ந்து வேலை செய்வதும் தொடர்ந்தன. இந்த ஞாயிறுகளின் பயனாக உருவானது மோரிசின் கெல்ம்ஸ்காட் அச்சகம் 1896இல் வெளியிட்ட சாசர் படைப்புத் தொகுப்பு. இதற்கு எட்வர்ட் 87 படங்களை வரைந்தார். தாளில் 425 படிகளும், பதப்படுத்திய தோலில் 13 படிகளும் அச்சிடப்பட்டன. நூலின் முதல் படிகள் ஜூன் மாதத்தில் கைக்கு வந்தபோது மோரிஸ் கடுமையாக நோயுற்றிருந்தார். அவர் அக்டோபர் 3, 1896 அன்று காலமானார். அடுத்ததாக மாலரியின் நூலை அதே முறையில் வெளியிட வேண்டும் என்ற அவர்களுடைய விருப்பம் நிறைவேறவில்லை.

மாலரியின் நூலுக்குப் படம் வரையும் வாய்ப்பு வேறொருவருக்குக் கிடைத்தது. 1891இல் கிரேஞ்ச் இல்லத்துக்கு வந்த ஆப்ரி பியர்ட்ஸ்லி என்ற இளைஞரை ஓவியத் துறைக்கு வருமாறு எட்வர்ட் ஊக்கப்படுத்தியிருந்தார். அவர் 1893-94இல் வெளிவந்த பதிப்புக்கு வரைந்த கருப்பு வெள்ளைப் படங்கள் எட்வர்டின் பாணியில் தொடங்கி, அதையே எள்ளி நகையாடும் பாணியாக மாறின. 1895இல் இலண்டன் லைசியம் அரங்கில் ஹென்றி இர்விங் நடித்த ஆர்தர் மன்னன் நாடகத்துக்கு எட்வர்ட் காட்சிகளையும் உடைகளையும் வடிவமைத்தார்.

அவலோனில் ஆர்தரின் கடைசி உறக்கம்

மாலரியின் கதைப்படி, இறுதிப் போரில் படுகாயமுற்ற ஆர்தரை அரசியர் படகில் ஏற்றி அவலோன் என்ற தீவுக்குக் கொண்டுசெல்கின்றனர். அவன் மீண்டும் வருவான் என்ற நம்பிக்கையும் மக்களிடையே நிலவுகிறது. நாவொர்த் கோட்டையின் நூலகத்துக்காக இக்காட்சியை வரையுமாறு நண்பர் ஜார்ஜ் ஹோவர்ட் 1881இல் கேட்டுக்கொண்டார். எட்வர்ட் பணியைத் தொடங்கியதும் ஓவியம் அளவிலும் பொருளிலும் வளர்ந்துகொண்டே சென்றது. ஒரு கட்டத்தில் அதைத் தம்மிடமே வைத்துக்கொள்ள எட்வர்ட் விரும்பினார். ஹோவர்டும் அதற்கு இசைந்தார். சுமார் 2.8 மீட்டர் உயரமும் 6.5 மீட்டர் அகலமும் கொண்ட இவ்வோவியத்துக்காகத் தனிப் பணிக்கூடம் ஒன்று தேவைப்பட்டது.

ஓவியத்தின் நடுவில், புனிதக் கிண்ணக் கதை பொறித்த பொன்னிற விதானத்தின் கீழ், ஆர்தர் ஓர் அரசியின் மடியில் தலைவைத்து உறங்குகிறான். சுற்றிலும் பெண்கள் இசைக்கருவிகளுடன் காத்திருக்கின்றனர். அவன் விழிக்கும் நேரத்தை அறிவிக்கக் கொம்புகளுடன் காவலர்கள் நிற்கின்றனர். முன்புறம் மலர்கள் நிறைந்துள்ளன. தொடக்கத்தில் எண்ணியிருந்த பல பகுதிகளை எட்வர்ட் ஒவ்வொன்றாக நீக்கிவிட்டார். இறுதியில் எஞ்சியது காத்திருத்தல் மட்டுமே. மோரிசின் மறைவுக்குப் பிறகு அவர் வேறு பணிகளைக் குறைத்துக்கொண்டு இவ்வோவியத்திலேயே மூழ்கியிருந்தார்.

மறைவு

இறப்பதற்குச் சற்று முன்பு வரை எட்வர்ட் அவலோன் ஓவியத்தில் பணியாற்றினார். ஜூன் 17, 1898 அதிகாலையில் புல்ஹாம் இல்லத்தில் இதய நோயால் காலமானார். 17 ஆண்டுகள் உழைத்த ஓவியம் முற்றுப்பெறாமல் நின்றது. ஆறு நாட்களுக்குப் பின் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அவருக்கு நினைவு வழிபாடு நடைபெற்றது. ஓர் ஓவியருக்கு அங்கு இத்தகைய சிறப்புச் செய்யப்பட்டது அதுவே முதன்முறை. அவருடைய அஸ்தி சசெக்ஸ் கடலோரச் சிற்றூரான ராட்டிங்டீனில் உள்ள தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது. ஜார்ஜியானா எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு 1904இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. மரியா சம்பாக்கோவைப் பற்றி அதில் அவர் எழுதவில்லை.

மறைவுக்குப் பின்

முதல் உலகப் போருக்குப் பின் கவசம் அணிந்த வீரர்களின் ஓவியங்களை மக்கள் விரும்பவில்லை. 1933இல் எட்வர்டின் நூற்றாண்டுக் கண்காட்சியை அவருடைய மனைவியின் சகோதரி மகனான ஸ்டான்லி பால்ட்வின் இலண்டன் டேட் கலைக்கூடத்தில் திறந்துவைத்தார். அப்போது அது பழங்கால நினைவாகவே பார்க்கப்பட்டது. அவலோன் ஓவியம் 1963இல் ஏலத்துக்கு வந்தபோது பிரித்தானிய அருங்காட்சியகம் எதுவும் அதை வாங்கவில்லை. போர்ட்டோ ரிக்கோவின் பொன்சே கலை அருங்காட்சியகத்தை நிறுவிய லூயிஸ் பெர்ரே அதைக் குறைந்த விலைக்கு வாங்கினார். ஆர்தரைப் போலவே ஆர்தரின் ஓவியமும் கடல் கடந்து ஒரு தீவைச் சென்றடைந்தது.

1970களில் மதிப்பீடு மாறத் தொடங்கியது. 1975இல் இலண்டனிலும், 1998-99இல் நியூயார்க், பர்மிங்காம், பாரிஸ் நகரங்களிலும் பெரிய கண்காட்சிகள் நடைபெற்றன. 2008இல் அவலோன் ஓவியம் கடனாக இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2018-19இல் அதே கலைக்கூடத்தில் எட்வர்டின் படைப்புகள் முழுமையான கண்காட்சியாக இடம்பெற்றன.

இந்தியத் தொடர்புகள்

கொல்கத்தா புனித பவுல் பேராலயத்தின் மேற்குச் சாளரத்தை எட்வர்ட் வடிவமைத்தார். 1872இல் அந்தமானில் கொல்லப்பட்ட வைசிராய் மேயோ பிரபுவின் நினைவாக 1880இல் மோரிஸ் நிறுவனம் இதனைச் செய்தது. 1897, 1934 ஆகிய ஆண்டுகளின் நிலநடுக்கங்களில் பேராலயத்தின் கோபுரம் சிதைந்தபோதும் இச்சாளரம் தப்பியது.

மும்பையில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங், பெற்றோர் இந்தியாவில் இருக்க, இங்கிலாந்தில் அந்நியர் வீட்டில் துன்பமுற்று வளர்ந்தார். ஆண்டுதோறும் கிறித்துமசு விடுமுறையில் கிரேஞ்ச் இல்லத்தில் கழித்த நாட்களே அவருக்கு ஆறுதலாக இருந்தன. அவ்வீட்டு வாயிலின் அழைப்புமணிக் கைப்பிடியைப் பின்னர் தம் சொந்த வீட்டு வாயிலில் பொருத்திக்கொண்டார்.

வீரக்கதைகள் சார்ந்த முக்கியப் படைப்புகள்

* இரக்கமுள்ள வீரன் (1863), பர்மிங்காம் அருங்காட்சியகம்
* காதல் கீதம் (1868–77), மெட்ரோபொலிட்டன் கலை அருங்காட்சியகம், நியூயார்க்
* மெர்லினின் மயக்கம் (1872–77), லேடி லீவர் கலைக்கூடம், போர்ட் சன்லைட்
* கோஃபெட்டுவா மன்னனும் இரவலர் பெண்ணும் (1884), டேட், இலண்டன்
* முட்ரோஜாத் தொடர் (1885–90), பஸ்கட் பார்க், ஆக்ஸ்போர்டுசயர்
* புனிதக் கிண்ணத் திரைச்சீலைகள் (முதல் தொகுதி 1890களின் முற்பகுதி)
* லான்சலாட்டின் கனவு (1896), சவுத்தாம்ப்டன் நகரக் கலைக்கூடம்
* அவலோனில் ஆர்தரின் கடைசி உறக்கம் (1881–98, முற்றுப்பெறாதது), பொன்சே கலை அருங்காட்சியகம், போர்ட்டோ ரிக்கோ